கேலண்டரோடு வந்த ராணி

நான் இதுவரை ஏழு பெண்களைத் தூக்கில் போட்டிருக்கிறேன். ஏழு பேரும் இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் எங்கள் மதினி. மற்ற ஆறு பேரும் மதினியைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள்.

மதினி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. எங்கள் ஊர் ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், டிரைவருக்கு மனசு இருந்தால் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் சிவகாசியில் ஒரு கேலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தேன். அண்ணன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் இருந்தான். மதினி வீட்டில் உட்கார்ந்து வெடிப்பெட்டி ஒட்டுவாள். எங்கள் பக்கத்தில் நடப்பு வருஷத்தில் வாழ்கிற ஆள் குறைவு. எல்லோருக்கும் அடுத்த தீபாவளி, அடுத்த வருஷத்துக் கேலண்டர் என்றுதான் பேச்சு. அடுத்த தைப்பொங்கல் என்ன கிழமை என்று கேட்டால் எனக்குத் தூக்கத்தில் கூட வரும். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் முழிப்பேன்.

மதினி மட்டும் எதிர்த் திசையில் போகிற ஆள். நடந்து முடிந்ததை முடிந்தது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

ஒரு தடவை ரேஷன் கடைக்குப் போனாள். சீனி இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்த ஆள், "தீந்துபோச்சு. நம்பிக்கை இல்லேன்னா நீயே உள்ள வந்து தேடிக்க" என்று சொல்லிவிட்டார். மதினிக்கு அந்த நேரத்தில் வாயில் ஒன்றும் வரவில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்து மூன்று நாள் பெட்டி ஒட்டினாள். நாலாம் நாள் கையில் பையும் இல்லாமல் கார்டும் இல்லாமல் கடை முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு என்னமோ சொன்னீகள்ல, அதத் திரும்பச் சொல்லுங்க."

"என்னத்தம்மா?"

"நீயே உள்ள வந்து தேடிக்கன்னு."

அவர் குழம்பிப்போய்ச் சொன்னார்.

"அந்தக் குரல்ல இல்ல. அன்னைக்கு இன்னுங் கொஞ்சம் திமிராச் சொன்னீக."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைக்குப் போலவே திமிராகச் சொன்னார். மதினி உடனே, "தேடிருவேன். தேடிச் சீனி கெடச்சிருச்சுன்னா அப்புறம் ஒங்க வேலைய யாரு தேடுவா?" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் நாலாம் நாள் போனதைச் சொல்ல மாட்டாள். முதல் நாளே அப்படிப் பதில் சொன்னதாகத்தான் சொல்வாள். பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. நடந்ததைத் திருத்தியாகிவிட்டது, அதனால் இனி நடந்தது இதுதான். அவள் கட்சி அது.

எதிராளி கிடைக்காவிட்டால் அந்த வேஷத்துக்கு என்னைப் பிடிப்பாள். என் பெரியம்மா, அதாவது மதினியின் மாமியார், செத்து ஆறு மாசம் கழித்து ஒருநாள், பெரியம்மாவின் கட்டிலில் என்னை உட்காரவைத்து, "ஒங்க வீட்டுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளான்னு கேளுங்க, கொளுந்தனாரே" என்றாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரியம்மா மாதிரியே கேட்டேன். மதினி பதில் சொல்ல வாயைத் திறந்தவள், "ஆமாத்தே, இதத்தான் சொல்லிக் குடுத்தாக, நீங்கதான் மத்ததச் சொல்லிக் குடுத்தீக" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். நான் கட்டிலைவிட்டு எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெரியம்மாவாகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கல்யாணத்தில் மேளக்காரர்கள் வந்த வண்டி சாத்தூர்ப் பக்கம் பஞ்சராகி, கெட்டிமேளம் இல்லாமலே அண்ணன் தாலி கட்டினான். மதினி மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு வந்த அதே மேளக்காரர்களை வழிமறித்துக் கூட்டிவந்து, அண்ணனைக் கைலியோடு உட்காரவைத்து, தாலியை ஒரு தடவை தொடச் சொல்லி, தெருவே அதிர ஐந்து நிமிஷம் கெட்டிமேளம் வாசிக்கவைத்தாள். அண்ணன் அவள் சொன்னதையெல்லாம் செய்வான். வாயில்லாத மனுஷன். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அட்சதை போடணுமாலே?" என்று, அதுவும் என்னிடம்.

அவள் சொல்லாமல் அண்ணன் செய்த வேலை மருந்து ரூம் ஒன்றுதான். மதினிக்கு அது துளியும் பிடிக்காது. ரூம் தனியாகக் காட்டுக்குள் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு சைக்கிளில் வந்துவிடுவான். அவன் கை நிதானமான கை என்று கம்பெனி முழுக்கப் பேர். அந்தப் பேரை விட அவனுக்கு மனசில்லை. எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். மதினி திசை பார்க்க மாட்டாள். தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். சைக்கிள் மணி கேட்டபிறகுதான் கண் திறக்கும்.

"எதுவானாலும் திரும்பப் போயிச் சரிபண்ணிருவேன், கொளுந்தனாரே. மருந்து ரூம்ல மட்டுந்தான் திரும்பச் சொல்லுன்னு யாரையும் கேக்க முடியாது" என்று ஒருநாள் பசைக் கையோடு சொன்னாள். நான் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு மேற்கே ராஜா கோயில். அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட ஒரு பாளையத்து ராஜாவை வெள்ளைக்காரத் துரை உச்சி நேரத்தில் தூக்கில் போட்டான் என்றும், அப்படிச் செத்தவர் சாமியாகி இங்கேயே நின்றுவிட்டார் என்றும் கதை. எங்கள் பக்கத்தில் சாமி ஆவதற்கு வேறு தகுதி வேண்டாம். அநியாயமாகச் சாகவேண்டும், அவ்வளவுதான். பேரன் பேத்தி எடுத்து, பாயில் படுத்து, நிம்மதியாகச் செத்தவருக்கு யாரும் கிடா வெட்டுவதில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருக்கும் நாட்களில் அங்கே சாமி கும்பிடு. அதில் ராஜா நாடகம். மற்ற ஊரில் நாடகம் என்றால் ராத்திரி. எங்கள் ஊரில் காலையில் தொடங்கி உச்சிக்குத் தூக்கில் போட்டாக வேண்டும். பகல் வெளிச்சத்தில் ரோஸ் பவுடர் போட்ட மூஞ்சிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். ராஜா கழுத்தில் கயிறு விழும். படுதா இறங்கும். பின்னால் ஒரு அணுகுண்டு வெடிப்பார்கள். படுதா ஏறினால் ராணி தாலியை அறுத்து ஒப்பாரி பாடுவாள். ஒப்பாரியில் பூசாரிக்கு ராஜா சாமி இறங்கும். சாமி கொடுக்கிற விபூதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய், கம்பெனி திறக்கிற அன்றைக்கு மருந்து ரூம் வாசல் நிலையில் பூசுவார்கள். பூசாமல் ஒருத்தனும் உள்ளே கால் வைக்க மாட்டான்.

ராஜா வேஷம் பரம்பரையாக எங்கள் பெரியப்பா குடும்பத்துக்கு. ஆகவே அண்ணன்தான் ராஜா. துரை வேஷம் எனக்கு, காலேஜில் இங்கிலீஷ் பேப்பரை மூன்று தடவை எழுதியவன் என்ற தகுதியில். ராணிக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகை வருவார். தூக்குக்கு முன்னால் ராணிக்கும் துரைக்கும் ஒரு தர்க்கம் உண்டு. அதற்கு மனப்பாடம் கிடையாது. அவரவர் வாய்க்கு வந்ததைப் பாடியும் பேசியும் மடக்கவேண்டும். பதில் இல்லாதவர் தலையில் இருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கவேண்டும், அது கோயில் கட்டு, மீறக்கூடாது. வருகிற நடிகைகள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தோற்றுவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டு மணி பஸ்.

அந்த வருஷம் நடிகை வரவில்லை. இரண்டு ஊருக்கு ஒரே நாளில் ஒத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு ஆர்மோனியக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார், ராணி இல்லை. "நா போடுறேன்" என்று மதினி முன்னால் வந்தாள். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுப் பாட்டு அத்தனையும் அவளுக்குப் பாடம்.

பூசாரி சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஒழுங்கு பார்க்கிறவர். "குடும்பத்துப் பொம்பள மேடை ஏறுறதா?" என்றார்.

"மேடையில நிக்கிறது எம் புருசன். இத்தன வருசமா எவ எவளோ அவருக்குப் பொண்டாட்டியா நிண்ணா. அப்ப யாரும் கேக்கலயே?"

பூசாரி தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். தர்க்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

வேஷம் கட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "மதினி, அந்தத் தாலி அறுக்கிற எடத்துல என்ன செய்வீக?"

"அவரு குத்துக்கல்லாட்டம் எதுத்தாப்புல உசிரோட இருக்காரு. நாலு நாள்ல மருந்து ரூமுக்குப் போகப் போறாரு. அவருக்கு முன்னால நா தாலிய அறுக்கவா? அது வரும்போது பாப்பம்" என்றாள். பிறகு, "ஒங்க பையில அடுத்த வருசத்துக் கேலண்டர் ஒண்ணு இருக்குமே?"

"சாமி சந்நிதியில மாட்டக் கொண்டாந்தது."

"குடுங்க. சாமிக்குத்தான்."

நாடகம் நன்றாகத்தான் போனது. அண்ணன் போருக்குப் புறப்பட்டான், முத்திரை மோதிரத்தை ராணியிடம் கொடுத்தான், காட்டிக்கொடுக்கப்பட்டான், பிடிபட்டான். உச்சிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவன் கழுத்துக்கு நேராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மதினி நடு மேடைக்கு வந்து பாடினாள்.

"கயிறெடுத்து நிற்கும் துரையே – இது
காலமெது கூறும் முறையே
உயிரெடுக்க வந்த வேளை – எந்தப்
பஞ்சாங்கம் தந்ததிந்த நாளை?"

"இது ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம்! கும்பினி ஆட்சி!" என்றேன் மிடுக்காக.

"சொச்சம்னா எம்புட்டு?"

எனக்குத் தெரியாது. நோட்டில் சொச்சம் என்றுதான் இருந்தது. மதினி காத்திருக்கவில்லை. மடியிலிருந்து கேலண்டரை உருவினாள். முழுசாக முன்னூற்றுச் சொச்சம் தாளும் இருக்கிற தினக் கேலண்டர். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தாளைப் பிரித்து என் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினாள்.

"படியும் துரையே."

"சுதந்திர தினம். அரசு விடுமுறை."

"யாருகிட்ட இருந்து சுதந்திரம்?"

"எங்ககிட்ட இருந்து."

கூட்டம் விசிலடித்தது.

"நீரு இந்த நாட்ட விட்டுப் போயி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. போன ஆளு எப்படியா தூக்குல போடுவீரு? அதுவும் லீவு நாள்ல?"

"அது வருங்காலம்! இன்று எங்கள் ஆட்சி!"

"அப்ப இந்தக் கேலண்டர் பொய்யின்னு சொல்லுதீரா?"

முன்வரிசை நாற்காலியில், சாமி கும்பிடுக்கு வந்த விருந்தாளியாக, கையில் கலர் பாட்டிலோடு எங்கள் பிரஸ் முதலாளி உட்கார்ந்திருந்தார். உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அது அவர் அடித்த கேலண்டர். அந்தத் தாளில் எழுத்துக் கோத்தது நான். எங்கள் பக்கத்தில் எந்தச் சண்டையும் 'கேலண்டர்ல போட்டிருக்கு' என்றதும் நின்றுவிடும். அது பொய் என்று அவர் எதிரில் நான் சொல்வதா? வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

ஆர்மோனியக்காரர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு மங்களம் வாசித்துவிட்டார். கயிற்றுக்கு நேராகக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்ற அண்ணன் என் காதருகில், "ஏலே, இப்ப நா சாகணுமா, வேண்டாமா?" என்றான்.

"வேண்டாம்ணே."

"அப்ப எறங்கவா?"

எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் முதல் தடவையாக ராஜா அன்றைக்கு முதல் பந்தியில் கிரீடத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பூசாரி சிகையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். உறுமிக்காரருக்குக் கை வலித்ததுதான் மிச்சம், சாமி வரவில்லை. "எங்கன வரும்?" என்று பூசாரி பந்தியைக் காட்டினார். "அன்னா உக்காந்து ரசத்துக்குக் குழி பறிச்சுக்கிட்டு இருக்காரு பாருங்க."

மறுநாள் ஊர்க் கூட்டம் கூடியது. நான் பார்த்த கூட்டங்களிலேயே அதுதான் மோசம்.

"செத்தாத்தானய்யா சாமி? இவரு தப்பிச்சுட்டாருன்னா கோயிலுக்குள்ள இருக்கிறது யாரு?" என்றார் பூசாரி.

"சாமியே இல்லேன்னா கோயில் ஏது?" என்றார் ஊர்த் தலைவர்.

"கோயில் இல்லேன்னா நாம எதுக்கு நாடகம் போட்டோம்?"

"நாடகமே போடலேன்னா அவரு எப்படித் தப்பிச்சாரு?"

இந்த இடத்தில் கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது. திரும்பி வந்தும் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. மறுபடி ஒரு தடவை சுருக்கமாகத் தூக்கில் போட்டுவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். தர்க்கத்தில் தோற்றால் அடுத்த வருஷம்தான் துரை மேடை ஏறலாம், அதுவும் கோயில் கட்டு என்று பூசாரி மறுத்துவிட்டார். இதற்கிடையில், ராஜா தப்பித்திருந்தால் வெம்பக்கோட்டைப் பக்கத்து நஞ்சை தன் பாட்டனுக்குத்தான் மானியமாக வந்திருக்கும் என்று ஒரு பெரியவர் தாலுகா ஆபீசில் மனுவே கொடுத்துவிட்டார். ராஜாவின் இறப்புச் சான்றிதழை இணைக்கவும் என்று மனு கையோடே திரும்பி வந்தது. "சாகாத ஆளுக்கு எங்கன போயி வாங்குறது?" என்று அவர் என்னைக் கேட்டார். துரை நான் அல்லவா.

எல்லோரும் சிரித்தோம். கம்பெனி திறக்கிற நாள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விபூதி இல்லை. மருந்து ரூம் ஆட்கள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மாட்டோம் என்றார்கள். பட்டாசு முதலாளி காரிலிருந்து இறங்கி வந்து கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அண்ணன் போன வருஷத்து விபூதிப் பொட்டலத்தின் வெறும் தாளை எடுத்து நிலையில் துடைத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போனான். அவன் போனதால் மற்றவர்களும் போனார்கள்.

அதைக் கேள்விப்பட்ட மதினி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "தாலி அறுக்கக் கூடாதுன்னு செஞ்சேன். இப்ப சாமி தொணையில்லாம ஒங்கண்ணன அந்த ரூமுக்குள்ள அனுப்பிட்டேனே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். அந்த வருஷம் முழுக்க அவள் யாரிடமும் போய், 'திரும்பச் சொல்லுங்க' என்று நிற்கவில்லை. தெரு வெறிச்சென்று இருந்தது. அவள் எதையோ யோசித்துக்கொண்டே பெட்டி ஒட்டினாள். அவள் மூன்று நாள் யோசித்தாலே ரேஷன் கடைக்காரர் தாங்கவில்லை. இது முன்னூற்று அறுபது நாள்.

அடுத்த சாமி கும்பிடு வந்தது. ராணியை மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் தர்க்கத்தில் ஜெயித்தவரை மாற்றக்கூடாது, அதுவும் கட்டு. ஆகவே கோயில் கமிட்டிக்காரர்கள் வேறு ஏற்பாடு செய்தார்கள். தேதி போட்ட எதுவும் மேடை ஏறக்கூடாது. படிக்கட்டில் இரண்டு பேர் நின்று சோதித்தார்கள். ஆர்மோனியக்காரரின் பஸ் டிக்கெட்டைப் பிடுங்கினார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கினார்கள். மிருதங்கக்காரரின் இருமல் மருந்துப் பாட்டிலில் லேபிளைக் கிழித்த பிறகுதான் விட்டார்கள். எனக்கு ஒரு வாரமாகப் பயிற்சி. "அவ என்னத்தக் கேட்டாலும், கும்பினி உத்தரவு, கும்பினி உத்தரவுன்னு மட்டும் சொல்லு" என்று பூசாரி உருவேற்றியிருந்தார். பிரஸ் முதலாளிக்கு அந்த வருஷம் அழைப்பே போகவில்லை.

மதினி வெறுங்கையோடுதான் வந்தாள். மேடையில் எனக்கு எதிரே நின்று, பாடாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"துரையே, தீர்ப்பச் சொல்லும்."

"இந்த மண்ணின் அதிபதியை உச்சிப்பொழுதில் தூக்கிலிட வேண்டும். கும்பினி உத்தரவு!"

"திரும்பச் சொல்லும்."

அந்த வார்த்தை வந்தால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவன் ஊரில் கிடையாது. திரும்பச் சொன்னேன்.

"அந்தக் குரல்ல இல்ல. இன்னும் கொஞ்சம் திமிரா."

திமிராகச் சொன்னேன். மதினி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விரலில் முத்திரை மோதிரம் மினுங்கியது. காலையில் போருக்குப் போகும்போது ராஜா, 'இனி இந்த மண் உன்னது' என்று சொல்லி வருஷா வருஷம் போட்டுவிடுகிற அதே மோதிரம். இத்தனை வருஷமாக அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

"இந்த மண்ணுக்கு இப்ப அதிபதி யாரு, துரையே?"

நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் வாயசைத்துக்கொண்டிருந்தார். "கும்பினி உத்தரவு" என்றேன் பலவீனமாக.

"அந்த உத்தரவத்தான் நானுஞ் சொல்லுதேன். நிறைவேத்தும். அவரு அதிபதி இல்ல, வெறும் ஆளு. அவர எறக்கிவிடும்."

என் கையிலிருந்த கயிற்றை அவளே வாங்கி அண்ணன் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தாலிக்கு மேலே கயிறு விழுந்தது. "பூவோட பொட்டோட போறேன். யாரும் அழுவாதீக" என்றாள். அண்ணன் வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான். அவள் பேரை. படுதா இறங்கியது. அணுகுண்டு வெடித்தது.

படுதா ஏறியபோது மதினி தலைமுடி அவிழ்ந்து, கண் செருகி, நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பூசாரி உடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடினார். "வந்திருக்கிறது யாரு? பேரு சொல்லு!"

"சுமங்கலியாச் செத்தவ! ராசாவுக்குப் பதிலாச் செத்தவ!"

பூசாரி ஒரு நொடிதான் யோசித்தார். அநியாயமாகச் செத்தாகிவிட்டது, மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார் போல. தரையில் விழுந்து கும்பிட்டார். ஊரே விழுந்தது. விபூதித் தட்டு வந்தது. மருந்து ரூம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தருக்கும் நெற்றியில் பூசி, பொட்டலத்துக்கும் அள்ளிக் கொடுத்தாள். கடைசியில், பாதி ஒட்டியிருந்த மீசையோடு ராஜா வந்து கை நீட்டினார்.

மதினி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்குக் கெடையாது."

"ஏன் தாயி?" என்றான் அண்ணன், கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து.

"நாஞ் செத்துத்தான ஒனக்கு உசிரு குடுத்திருக்கேன்? அந்த உசிரக் கொண்டுபோயி மருந்து ரூம்ல வைக்கவா குடுத்தேன்? இனி அந்த வாசல்ல ஒங்காலு படப்பிடாது. பட்டா நா இந்த ஊர்ல இருக்க மாட்டேன்!"

கூட்டத்தில் நின்ற கம்பெனி போர்மேன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உத்தரவு தாயி" என்றார். அண்ணன் அப்படியே நின்று அழுதான். ரோஸ் பவுடர் கோடு கோடாக இறங்கியது. நானும் அழுதேன், தொப்பியோடு. ஆறு வருஷமாக அவள் வீட்டில் கேட்டு நடக்காத காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெண்டாட்டி சொன்னால் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம். ஊர் எதிரில் சாமி சொன்னால் என்ன செய்வது?

அண்ணனை லேபிள் ஒட்டுகிற செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். இருபது பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளையாக உட்கார்ந்து ஒட்டினான். அந்த நிதானமான கை லேபிளுக்கு ஆகவில்லை, பாதிக்குப் பாதி கோணல். ராஜாவின் கல்லுக்குப் பக்கத்தில் ராணிக்கு ஒரு கல் வைத்தார்கள். சாகாத ராஜா எதற்குக் கோயிலில் என்று கேட்டதற்கு, "பொண்டாட்டிக்குத் தொணையா இருந்துட்டுப் போறாரு" என்று பூசாரி முடித்துவிட்டார்.

அடுத்த வருஷம் ராணி வேஷத்துக்குப் பதினோரு பெண்கள் பேர் கொடுத்தார்கள். பதினோரு பேர் புருஷனும் மருந்து ரூம். ஜெயித்தவரை மாற்றக்கூடாதே என்று கமிட்டி இழுத்தது. "செத்தவ எப்படிய்யா திரும்ப நடிப்பா?" என்று மதினியே ஒதுங்கிக்கொண்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அன்றுமுதல் வருஷத்துக்கு ஒருத்தி, என் கயிற்றில் தொங்கி, ஊருக்கெல்லாம் விபூதி கொடுத்துவிட்டுத் தன் புருஷனுக்கு மட்டும் தட்டை இழுத்துக்கொள்கிறாள். பட்டாசு முதலாளி ஒருநாள் என்னை வழியில் பார்த்துக் காரை நிறுத்தினார். "தம்பி, மருந்துக்கு ஆளு தேடி முடியல. ஒரு வருசமாச்சும் நீ தர்க்கத்துல ஜெயிக்கக் கூடாதா?" என்றார் பாவமாக. நான் இங்கிலீஷ் பேப்பரிலேயே மூன்று தடவை தோற்றவன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணனும் மதினியும் பிறகு காரியாபட்டிக்குப் போய்விட்டார்கள். மதினியின் தம்பி அங்கே விதைக்கடை வைத்திருந்தான், அண்ணன் அவனோடு சேர்ந்துகொண்டான். போகிற அன்றைக்கு சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ரொம்ப நாளாக உள்ளே உறுத்தியதைக் கேட்டுவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நெசமாவே சாமி வந்துச்சா?"

மதினி என்னைப் பார்த்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

சரியாக நாலாம் நாள் பிரஸ்ஸுக்குப் போன் வந்தது.

"கொளுந்தனாரே, அன்னைக்கு ஒண்ணு கேட்டீகள்ல. அதத் திரும்பக் கேளுங்க."

மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அதே குரலில், கேட்டேன்.

"கயித்தப் போட்டது நீங்க. செத்துப்போனவகிட்ட வந்து நெசமா பொய்யான்னு கேட்டா அவளுக்கு என்ன தெரியும்? ஒங்கண்ணன் இந்தா உசிரோட உக்காந்திருக்காரு. அவருகிட்டக் கேளுங்க."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "சாப்பிட்டியாலே?" என்றான்.